மலைநாட்டில் பழைய காரின் பற்றரி: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

இலங்கை மலைநாட்டில் பழைய கார் வைத்திருக்கும் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரவில் காரைச் சரிவைப் பார்த்து நிறுத்திவிட்டு, காலையில் சாவியைத் திருப்பி, பிரேக்கை விட்டு, உருளத் தொடங்கியதும் இரண்டாம் கியரில் கிளட்சை விடுவோம், எஞ்சின் எழுந்துவிடும். இந்த வசதியால்தான் இங்கே பற்றரிக் கோளாறுகள் மாதக்கணக்கில் மறைந்து கிடக்கின்றன. சமதரையான ஒரு கடை வாசலில் கார் நின்றுபோகும் நாளில்தான் உண்மை தெரியவருகிறது. அப்போது முதலில் வாயில் வருவது "பற்றரி முடிஞ்சுபோச்சு" என்ற தீர்ப்பு. தலவாக்கலைப் பக்கத்தில் என்னுடைய மொரிஸ் மைனருக்கும் நண்பர்களின் நான்கைந்து கார்களுக்கும் திரும்பத் திரும்ப இந்த வேலையைச் செய்து பார்த்ததில், பற்றரியின் மேல் சுமத்தப்படும் குற்றங்களில் பெரும்பாலானவை எர்த் பட்டையிலோ ஃபேன் பெல்ட்டிலோ கவ்வியிலோ போய் முடிகின்றன என்று கண்டேன். ஆகவே புதிய பற்றரிக்குப் பணம் எடுத்துவைக்கும் முன் கீழுள்ள வரிசையில் சோதித்துப் பார்க்கவும். மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், ஹில்மன் மிங்ஸ் போன்ற, பற்றரிக்குச் சார்ஜ் ஏற்ற டைனமோ பூட்டிய 12 வோல்ட் கார்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். 6 வோல்ட் காரென்றால் பற்றரியின் நிலை வோல்ட் அளவுகளைப் பாதியாக்கிக் கொள்ளலாம்.

## எந்தச் சோதனைக்கும் முன்

ஒரு டிஜிட்டல் மீட்டர், அசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஒரு ஹைட்ரோமீட்டர், இரண்டு வயர் துண்டுகள் இணைத்த 12 வோல்ட் 5 வாட் பல்பு ஒன்று, கம்பித் தூரிகை, அப்பச்சோடா, வாஸ்லின் ஆகியவை போதும்.

முதலில் பொனட்டைத் திறந்து, பற்றரியின் எந்த முனை பொடியில், அதாவது காரின் இரும்பு உடலில், இணைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கவும். அந்த முனையே எர்த். 1960களின் பிற்பகுதி வரை வந்த பிரித்தானியக் கார்களில் பெரும்பாலானவை பிளஸ் எர்த் கொண்டவை. இடையில் யாராவது மைனஸ் எர்த்துக்கு மாற்றியிருக்கவும் கூடும். புத்தகத்தையோ பழைய சொந்தக்காரரின் பேச்சையோ நம்பாமல், பற்றரி மீதுள்ள குறியையும் வயர் போகும் இடத்தையும் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். எர்த் எந்த முனையோ அதையே முதலில் கழற்றி, கடைசியாகப் பூட்ட வேண்டும். பிளஸ் எர்த் காரில் முதலில் கழற்றுவது பிளஸ். இன்றைய வாகனங்களில் பழகியவர்கள் கைப்பழக்கத்தில் மைனஸைக் கழற்றப் போய், ஸ்பானர் பொடியில் முட்டித் தீப்பொறி பறப்பதைக் கண்டிருக்கிறேன். சார்ஜ் ஆகும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவருவதால் அருகில் பீடி, சிகரட் கூடாது. அசிட் தோலில் பட்டால் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவவும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகவும்.

பிறகு ஓர் இரவு முழுவதும் ஓடாமல் நின்ற காரில் மீட்டரை வைத்து முதல் அளவை எடுக்கவும். 12.6 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ இருந்தால் பற்றரி நிரம்பியிருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. 12.4க்குக் கீழே நிற்கும் பற்றரியை வைத்துக்கொண்டு வேறெந்தச் சோதனையும் செய்ய வேண்டாம்; முதலில் சார்ஜரில் போடவும். 45 அம்பியர்-மணிப் பற்றரிக்கு 4 அம்பியர் வீதம் ஓர் இரவு போதும்.

## அறிகுறி 1: காலையில் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுகிறது, வெயில் ஏறியதும் சரியாகிவிடுகிறது

எங்கள் பகுதியில் அதிகம் கேட்கும் முறைப்பாடு இதுதான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி மாதங்களில் விடியற்காலை வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கும், சில நாட்களில் புல்லின் மேல் உறைபனி தெரியும். குளிரில் பற்றரியின் தள்ளும் வலு குறைகிறது, அதே வேளையில் எஞ்சின் ஒயில் தடித்துச் சுமையைக் கூட்டுகிறது. ஆனாலும் நல்ல நிலையில் உள்ள பற்றரியும் வயர்களும் இந்தக் குளிரைத் தாங்கும். மதியத்தில் மட்டும் வேலை செய்யும் கார் ஒன்றின் கோளாறு குளிர் அல்ல, குளிர் காட்டிக்கொடுக்கும் ஏதோ ஒன்று. கொழும்பின் வெப்பத்தில் பற்றரி சீக்கிரம் தேயும், இங்கே அதைவிட மெதுவாகத்தான் தேயும் என்பதால், இரண்டு வயதுப் பற்றரியைக் குளிரின் பேரில் தூக்கி வீசுவதற்கு முன் இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம்.

### கவ்விகளும் முனைகளும்

செலவே இல்லாத முதல் வேலை இது. இரண்டு கவ்விகளையும் கழற்றி, முனையையும் கவ்வியின் உட்புறத்தையும் ஈயம் பளபளக்கும் வரை தேய்க்கவும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஒரு கோப்பை தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றவும். நுரை அடங்கியதும் கழுவித் துடைக்கவும். கரைசல் பற்றரியின் துளைகளுக்குள் போகாமல் மூடிகள் இறுகியிருக்க வேண்டும். முதலில் பூட்டிவிட்டு, அதன் பின்னரே வெளிப்புறத்தில் வாஸ்லின் பூசவும்.

### எர்த் பட்டை

மைனரின் எஞ்சினும் கியர்பொக்ஸும் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், ஸ்டார்ட்டருக்குப் போகும் மின்சாரம் திரும்பிவர ஒரு பின்னல் பட்டை தேவைப்படுகிறது. கிளட்ச் வேலைக்காகக் கியர்பொக்ஸைக் கீழே இறக்கியவர்கள் அதைத் திரும்பப் பூட்ட மறப்பது உண்டு; சேறும் ஒயிலும் படிந்து உள்ளே துருப்பிடித்து, பார்வைக்கு மட்டும் பட்டையாக இருப்பதும் உண்டு. பட்டை இல்லாத காரில் அந்த மின்சாரம் சோக் கேபிள், அக்ஸிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். ஸ்டார்ட் செய்யும்போது சோக் குமிழ் சுடுகிறது என்றால் வேறு சோதனை எதுவும் வேண்டாம்.

சந்தேகத்தை மீட்டர் தீர்த்துவைக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றினால் எஞ்சின் எழாமல் சுற்றும். மீட்டரின் ஒரு முனையைப் பற்றரியின் எர்த் முனையிலேயே, கவ்வியில் அல்ல, அழுத்திப் பிடித்து, மறு முனையை எஞ்சினின் சுத்தமான இரும்பில் வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லவும். 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்லது. 0.5ஐத் தாண்டினால் முனையிலிருந்து கவ்வி, கவ்வியிலிருந்து பொடி, பொடியிலிருந்து எஞ்சின் என்று துண்டு துண்டாக அளந்து வந்தால், எந்தத் துண்டில் வோல்ட் காட்டுகிறதோ அங்கேதான் தடை இருக்கிறது. மறுபக்கத்து வயரையும் ஸ்டார்ட்டர் சுவிட்ச்சையும் இதே முறையில் அளக்கலாம். ஒரு வருடம் மழைக்காலத்தில் நான் புதிய பற்றரி வாங்கிப் பூட்டி, இரண்டு வாரம் கழித்துப் பழைய தொல்லையே திரும்பி வந்தபோதுதான் இந்தச் சோதனையைச் செய்தேன், 1.4 வோல்ட் காட்டியது. பட்டையின் விலை பற்றரியின் விலையில் சிறு பங்கும் இல்லை.

### பற்றரியேதானா?

எர்த் சரியாக இருந்தால், அதே போல் எஞ்சினைச் சுற்றவைத்து, பற்றரியின் இரு முனைகளுக்கும் இடையே அளக்கவும். 10 வோல்ட்டுக்கு மேலே நின்றால் பற்றரி தன் வேலையைச் செய்கிறது. முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பின்னும் 9.6க்குக் கீழே சரிந்தால், ஒன்றில் பற்றரி பலவீனம், அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது. இவற்றில் எது என்பதை ஹைட்ரோமீட்டர் சொல்லும்.

நிரம்பிய பற்றரியின் ஆறு அறைகளும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்ட வேண்டும். பொதுவாக அது 1.265 முதல் 1.280 வரை இருக்கும். வெப்ப நாடுகளுக்கெனச் சற்று மென்மையான அசிட் ஊற்றும் பற்றரிகளில் 1.240 அளவிலேயே நிரம்பிவிடும் என்பதால் பற்றரியின் மேல் ஒட்டியுள்ள குறிப்பை வாசிக்கவும். அளவு எவ்வளவு என்பதைவிட அறைகளுக்கிடையேயான வேறுபாடே முக்கியம்: ஐந்து அறைகள் 1.250 காட்ட, ஒன்று மட்டும் 1.200 காட்டினால் அந்த அறை போய்விட்டது. அதற்கு மருந்து இல்லை. குளிரில் அசிட் அடர்த்தி கூடும் என்பதால், ஹைட்ரோமீட்டர் உண்மையைவிட உயர்த்தியே காட்டும். சாதாரண 25 பாகையிலிருந்து குறையும் ஒவ்வொரு 10 பாகைக்கும் 0.007ஐக் கழிக்க வேண்டும். லிந்துலையில் விடியற்காலை அளந்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று ஏமாறுவது இப்படித்தான்.

### பாஸிடம் போக வேண்டிய இடம்

அறைகள் ஆறும் சமமாக நின்று, வயர்களில் தடையும் இல்லாமல், ஸ்டார்ட்டர் இன்னும் முனகினால், அதன் புஷ்களோ ஆர்மேச்சரோ தேய்ந்திருக்கும். கழற்றி, வாகன மின்வேலை செய்யும் வயரிங் பாஸிடம் கொடுக்கவும்.

ஒரு சிறு விலகல்: ஸ்டார்ட்டர் உற்சாகமாகச் சுற்றியும் எஞ்சின் எழவில்லை என்றால் அது பற்றரியின் பிரச்சினை அல்ல. கொழும்பில் சரிசெய்த கார்பரேட்டர் இந்த உயரத்தின் மெல்லிய காற்றில் பெற்றோலை அளவுக்கு மீறிக் கொடுக்கும். சோக்கை இழுத்து இழுத்துப் பிளக்கை நனைத்துவிட்டுப் பற்றரியைத் திட்டுவதில் பயன் இல்லை.

## அறிகுறி 2: "டக்" என்று ஒரே ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை

இதற்கு ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்து பார்ப்பதே முதல் சோதனை.

### விளக்கு முற்றாக அணைந்தால்

எங்கோ ஒரு கவ்வி பெயருக்குத் தொட்டுக்கொண்டிருக்கிறது. விளக்கின் சிறிய மின்சாரத்தை விடும், ஸ்டார்ட்டரின் பெரிய மின்சாரத்தை விடாது. முனையைச் சுற்றிக் கைவைத்துப் பார்த்தால் சூடாக இருக்கும் இடமே குற்றவாளி.

### விளக்கு மங்கி, அப்படியே மங்கி நின்றால்

பற்றரி இறங்கியிருக்கலாம்; மீட்டரில் பார்க்கவும். 12.4க்கு மேல் இருந்தும் இப்படி நடந்தால், ஸ்டார்ட்டரின் பல்லுச் சக்கரம் ஃபிளைவீல் பல்லில் மாட்டிக்கொண்டது. பழைய லூக்காஸ் ஸ்டார்ட்டர்களில் இது சாதாரணம். ஸ்டார்ட்டர் தண்டின் பின்முனையில் சதுரமாக நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை ஸ்பானரால் திருப்பினால் விடுபடும். கைக்கு எட்டாவிட்டால், சாவியை நிறுத்தி, மேல் கியரில் போட்டு, காரை முன்னும் பின்னும் ஆட்டவும். ஆனால் சரிவில் நிற்கும் காரைக் கல் வைக்காமல் ஆட்ட வேண்டாம். அடிக்கடி மாட்டினால் தண்டில் தூசி அடைத்திருக்கும். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்திப் பூட்டவும்; ஒயில் பூசினால் தூசி மறுபடியும் ஒட்டும்.

### விளக்கு மாறாமல் எரிந்தால்

மின்சாரம் ஸ்டார்ட்டரை எட்டவே இல்லை. இழுத்து ஸ்டார்ட் செய்யும் மொடல்களில் கேபிளையும் சுவிட்ச்சையும், சாவி மொடல்களில் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் மின்காந்தச் சுவிட்ச்சான சொலினொய்டையும் பார்க்கவும். சொலினொய்ட் மலிவானது, மாற்றிவிடலாம்.

## அறிகுறி 3: விளக்கு, ஹோர்ன், எதுவுமே இல்லை

கவ்வி கழன்றிருக்கும், அல்லது பற்றரி முழுதாக வடிந்திருக்கும். மீட்டரில் 12 வோல்ட் இருந்தும் கார் செத்துக் கிடந்தால் எர்த் வயர் பொடியில் சேரும் இடத்தைத் தேய்க்கவும். எரிந்த மணம் இருந்தால் மேலே எதையும் தொடாமல், பற்றரியைக் கழற்றிவிட்டு வயரிங் பாஸைக் கூப்பிடவும். மைனரில் இரண்டே இரண்டு ஃபியூஸ்கள்தான். ஹெட்லைட் வயர்களுக்கு ஃபியூஸின் பாதுகாப்பு இல்லை.

## அறிகுறி 4: இரண்டு நாள் நிறுத்தினால் இறங்கிவிடுகிறது

இந்தக் கார்களில் கணினி இல்லை, நினைவகம் இல்லை. சாவி நிறுத்திய காரில் மணிக்கூடு ஒன்றைத் தவிர எதுவும் மின்சாரம் குடிக்கக் கூடாது.

### ஈரமான பற்றரி மேற்பரப்பு

நானுஓயாவிலும் கந்தப்பளையிலும் வாரக்கணக்கில் மூடுபனி நிற்கும் காலத்தில், பற்றரியின் மேலிருக்கும் தூசியும் அசிட் ஈரமும் சேர்ந்து இரு முனைகளுக்கும் இடையே ஒரு மெல்லிய பாலமாகிவிடும். மீட்டரின் ஒரு கம்பியை ஒரு முனையில் வைத்து, மற்றதைப் பற்றரியின் பிளாஸ்டிக் மூடியின் மேல் இழுத்துப் பாருங்கள். வோல்ட் காட்டினால் அப்பச்சோடாக் கரைசலால் கழுவி உலர்த்துவதே வைத்தியம். இதை நான் நம்பாமல் இருந்தேன். தோட்டத்துப் பழைய பங்களாவின் கராஜில் வைத்த ஒஸ்டின் ஒன்றில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டிய பிறகு நம்பினேன்.

### கசியும் சேர்க்கை

எர்த் கவ்வியைக் கழற்றி, முனைக்கும் கவ்விக்கும் இடையே அந்த 5 வாட் பல்பை இணைக்கவும். கதவுகள் மூடியிருக்க வேண்டும், மணிக்கூட்டின் வயரையும் கழற்றியிருக்க வேண்டும். பல்பு எரிந்தால் ஏதோ ஒன்று கணிசமாக இழுக்கிறது. எரியாவிட்டாலும் மீட்டரை அம்பியர் அளவில் வைத்துப் பார்க்கவும். 50 மில்லி அம்பியருக்கு மேல் காட்டினால் தேட வேண்டும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எப்போது அணைகிறது என்று கவனிக்கவும். இரண்டையும் கழற்றியும் அணையாவிட்டால், பிற்காலத்தில் யாரோ நேரடியாக இழுத்த வயரைத் தேடவும். பனி விளக்கு, ரேடியோ, திருட்டு அலாரம் என்று பழைய கார்களில் பின்னர் சேர்த்தவையே பெரும்பாலும் காரணம்.

### கட்அவுட் ஒட்டிக்கொண்டால்

பாஸ்மார் கட்அவுட் என்று சொல்லும், சார்ஜைக் கட்டுப்படுத்தும் லூக்காஸ் பெட்டிக்குள், எஞ்சின் நின்றதும் டைனமோவைப் பற்றரியிலிருந்து பிரிக்க வேண்டிய தொடுபுள்ளி ஒன்று இருக்கிறது. அது உருகி ஒட்டினால் பற்றரி டைனமோவுக்குள் வடியும். கார் நின்று ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் டைனமோ சூடாக இருந்தால் உடனே பற்றரியைக் கழற்றவும். வயர் எரிய அதிக நேரம் ஆகாது. இந்தப் பெட்டியை வீட்டில் திறந்து வளைத்துப் பார்க்க வேண்டாம்.

எதுவுமே கசியாமல், முழுதாகச் சார்ஜ் ஏற்றித் தனியே மேசையில் வைத்த பற்றரியும் சில நாட்களில் 12.4க்குக் கீழே வந்தால், குறை அதன் உள்ளேயே இருக்கிறது.

## அறிகுறி 5: தினமும் ஓடியும் சார்ஜ் ஏறவில்லை

முதலில் ஓட்டும் முறையைக் கேட்க வேண்டும். மலையேற்றம் பற்றரிக்குக் கெடுதல் என்று பலர் சொல்வார்கள். உண்மையில் இரண்டாம் கியரில் றம்பொடை வளைவுகளில் ஏறும்போது டைனமோ நன்றாகச் சுற்றிச் சார்ஜ் ஏற்றுகிறது. கெடுப்பது வேறு: தோட்டத்திலிருந்து பஸாருக்கு மூன்று கிலோமீற்றர் போய்வருவது, சீசன் காலத்து நெரிசலில் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு நிற்பது, பெற்றோலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது. கடைசியாகச் சொன்னது பிரேக்கையும் சேர்த்தே கெடுக்கும். மைனரின் பிற்கால லூக்காஸ் டைனமோ அதிகபட்சம் 22 அம்பியர் தரும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒன்றுமே தராது. மூடுபனியில் ஹெட்லைட், பின்விளக்கு, வைப்பர், கொயில் எல்லாம் சேர்ந்தால் சுமார் 15 அம்பியர் போய்விடும் என்பதால், ஒரு கொழுந்து லொறியின் பின்னால் அரை மணி நேரம் ஊர்ந்தால் கணக்கு நட்டத்தில்தான் முடியும்.

ஓட்டம் சரியாக இருந்தும் ஏறாவிட்டால் சோதனையைத் தொடரவும். ஃபேன் பெல்ட்டின் நீண்ட பக்கத்தின் நடுவை விரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் மட்டும் இறங்க வேண்டும். மழையில் கீச்சிடும் பெல்ட், பளபளத்த பெல்ட் இரண்டையும் மாற்றவும்.

பிறகு எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டுப் பற்றரியின் முனைகளில் அளக்கவும். 13.5 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. குளிர்ந்த எஞ்சினை எழுப்பிய முதல் சில நிமிடங்களில் இதைவிடச் சற்றுக் கூடக் காட்டினாலும் பயப்பட வேண்டாம். குளிரில் அப்படிக் காட்டும்படியே கட்அவுட் அமைக்கப்பட்டிருக்கிறது. 13க்குக் கீழே நின்றால் சார்ஜ் இல்லை.

அப்படியானால் குறை டைனமோவிலா கட்அவுட்டிலா என்று பிரிக்க வேண்டும். டைனமோவின் பின்னால் உள்ள பெரிய, சிறிய இரண்டு வயர்களையும் கழற்றி, அந்த இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்து, அந்தக் கம்பிக்கும் டைனமோவின் உடலுக்கும் இடையே மீட்டரை வைத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிடவும். வேகத்தைச் சிறிது கூட்டும்போது வோல்ட் தடங்கலின்றி விரைவாக ஏறினால் டைனமோ நல்லது. 20 வோல்ட்டை எட்டவிடாமல் நிறுத்திவிடவும். 1 வோல்ட் அளவிலேயே நின்றால் ஃபீல்ட் சுருளிலும், 4 அல்லது 5 வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சரிலும் குறை. ஒன்றுமே காட்டாவிட்டால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். அது மலிவு, நாமே மாற்றலாம். டைனமோ நன்றாக இருந்து பற்றரிக்குச் சார்ஜ் வராவிட்டால், இடையிலுள்ள வயர்களையும் இணைப்புகளையும் சுத்தம் செய்து பார்த்த பின், கட்அவுட்டை வயரிங் பாஸிடம் விடவும். இங்கே எனக்கு ஒரு வேண்டுகோள்: அதை மீட்டர் வைத்துச் சரிசெய்பவரிடம் கொடுங்கள், காதால் கேட்டு ஸ்க்ரூவைத் திருப்புபவரிடம் கொடுத்தால் அடுத்த அறிகுறிக்கு வந்து சேர்வீர்கள்.

டைனமோவின் பின்மூடியில் ஒயிலுக்கென ஒரு துளை இருக்கிறது. சேவிஸ் செய்யும் நாளில் எஞ்சின் ஒயில் சில துளி விடவும். இதை யாரும் செய்வதில்லை.

## அறிகுறி 6: தண்ணீர் அடிக்கடி குறைகிறது, அசிட் மணக்கிறது

மாதம் ஒருமுறை பார்த்து, தகடுகளுக்கு மேல் சுமார் 10 மில்லிமீற்றர் மூடியிருக்கும்படி காய்ச்சி வடித்த நீர் விடுவதே வழமையான பராமரிப்பு. பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் தாதுப்புகள் இருக்கின்றன. மழைத்தண்ணீரில் கூரைத்தகரத்தின் துரு இருக்கிறது. அசிட் ஒருபோதும் ஊற்ற வேண்டாம். ஆவியாகிக் குறைவது தண்ணீர் மட்டுமே. இறங்கிய பற்றரியில் தகடு மூடும் அளவுக்கு மட்டும் விட்டு, சார்ஜ் ஏறிய பின் மீதியை நிரப்பவும், இல்லையேல் பொங்கி வழியும்.

எல்லா அறைகளும் ஒரே வேகத்தில் வாரா வாரம் குறைந்தால் சார்ஜ் மீறி ஏறுகிறது. எஞ்சின் சூடான பின்னும் 15 வோல்ட்டைத் தாண்டி நின்றால் கட்அவுட்டைச் சரிசெய்ய வேண்டும். ஒரே ஓர் அறை மட்டும் குறைந்தால் அந்த அறையோ பெட்டியின் அடிப்பகுதியோ போய்விட்டது. பக்கங்கள் வீங்கிய பற்றரிக்குச் சார்ஜ் ஏற்ற முயல வேண்டாம்.

## அறிகுறி 7: புதிய பற்றரி பூட்டிய பிறகுதான் தொல்லை

இது பற்றரியின் குறை அல்ல, தெரிவின் குறை. நான் கண்டவற்றை அதிகம் நடக்கும் வரிசையில் சொல்கிறேன்.

### கவ்வி இறுகவில்லை

இன்று கடைகளில் கிடைக்கும் ஜப்பானிய அளவுப் பற்றரிகள் சிலவற்றின் முனைகள் மெல்லியவை. பழைய பிரித்தானியக் கவ்வி அவற்றில் சுழலும். அதோடு, எந்தப் பற்றரியிலும் பிளஸ் முனை மைனஸைவிடத் தடிப்பு. பிளஸ் எர்த் காரின் எர்த் கவ்வி அதற்கேற்பப் பெரிது என்பதால், கவ்விகளை மாற்றிப் பூட்டினாலும் இந்தத் தளர்வு வரும். சுத்தியலால் தட்டி இறுக்காமல் ஈய உறை வாங்கிச் செருகவும், அல்லது தடித்த முனையுள்ள பற்றரியாகக் கேட்டு வாங்கவும்.

### பொனட்டில் முட்டுகிறது

மைனரின் பற்றரி எஞ்சினுக்குப் பின்னால் உள்ள மேடையில் உட்காரும். ஜப்பானிய அளவுக் குறிகளில் என்எஸ்60 என்பது 238 மில்லிமீற்றர் நீளம், 129 அகலம், முனையோடு சேர்த்து 227 உயரம்; என்50, என்எஸ்70 இரண்டும் 260 நீளம், 173 அகலம். வாங்கும் முன் மேடையை அளக்கவும். உயரத்துக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு: முனைகளின் மேல் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி வைத்து, பொனட்டை மெதுவாக மூடித் திறந்து, களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்க்கவும். விரல் தடிப்புக்கு இடைவெளி இல்லாவிட்டால் அந்தப் பற்றரி வேண்டாம். பீட்டில் காரில் இதைவிட ஆபத்து: பற்றரி பின் ஆசனத்தின் அடியில் இருப்பதால், பாரமான ஒருவர் உட்கார்ந்ததும் ஆசனத்தின் சுருள் முனையில் தொட்டுத் தீப்பிடித்துவிடும். அங்கே ரப்பர் மூடி கட்டாயம்.

### வயர் எட்டவில்லை

ஒரே அளவுப் பற்றரி இடம்வலம் மாறிய இரண்டு வகைகளாக வருகிறது. பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் முனைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே மேல். வயரை இழுத்து நீட்டிப் பூட்டினால் ஹட்டன் வீதிக் குலுக்கலில் சில மாதங்களில் முனை தளரும். பற்றரியை இறுக்கிப் பிடிக்கும் சட்டமும் நட்டும் இல்லாமல் ஓடுவதும் இதே பலனைத் தரும்.

### எப்போதும் முக்கால்தான் நிரம்புகிறது

தண்ணீர் விடத் தேவையில்லை என்று விற்கப்படும் கல்சியம் வகைப் பற்றரிகள் முழுதாக நிரம்ப 14.4 முதல் 14.8 வோல்ட் வரை கேட்கும். பழைய டைனமோ அதை எப்போதாவதுதான் தரும். அதனால் மூடி திறந்து தண்ணீர் விடும் பழைய வகையையே நான் இந்தக் கார்களுக்குத் தெரிவு செய்கிறேன். ஹைட்ரோமீட்டரும் அதில்தான் நுழையும். மைனருக்கு 40 முதல் 45 அம்பியர்-மணி போதும், என்எஸ்60 பொருந்தும். பெரிய பற்றரி வைத்தால் குளிருக்கு நல்லது என்ற எண்ணம் இருக்கிறது, ஆனால் குறுகிய ஓட்டத்தில் சிறியதை நிரப்ப முடியாத டைனமோ பெரியதையும் நிரப்பாது.

கடையில் மீட்டர் வைத்துப் பார்க்கும்போது 12.5க்குக் கீழே நிற்கும் பற்றரியைத் தட்டில் எவ்வளவு காலம் இருந்தது என்று கேட்காமல் வாங்க வேண்டாம். உத்தரவாத அட்டையில் திகதியைப் போட்டு முத்திரை குத்தச் சொல்லவும். பழையதைக் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழிப்பார்கள். அசிட்டை வடிகானில் ஊற்றிவிட்டுப் பெட்டியை மட்டும் விற்பது, கீழே தண்ணீர் எடுப்பவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

### முனை மாற்றிப் பூட்டியிருந்தால்

டைனமோ காரில் உடனே பெரிய சேதம் வராமல் தப்பலாம், ஆனால் ரேடியோ போய்விடும். டைனமோவுக்குப் பதில் ஒல்டனேட்டருக்கு மாற்றிய காரில் டயோடுகள் ஒரு நொடியில் எரியும். தெரிந்ததும் கழற்றிவிட்டு வயரிங் பாஸிடம் காட்டவும்.

## அறிகுறி 8: வழியில் நின்றுவிட்டது, உதவிக்கு ஒரு வேன் வந்திருக்கிறது

பிளஸ் எர்த் காருக்கும் இன்றைய மைனஸ் எர்த் வேனுக்கும் இடையே வயர் போட முடியும், ஒரு நிபந்தனையோடு: இரண்டின் இரும்பும் ஒன்றையொன்று தொடக் கூடாது. பம்பர் முட்டினால் அதுவே ஷோர்ட். வேனின் எஞ்சினை நிறுத்திவிட்டு, காரின் மைனஸ் முனையை வேனின் மைனஸ் முனையோடு முதலில் இணைக்கவும். அடுத்து, வேனின் பிளஸ் முனையில் ஒரு கவ்வியைப் போட்டு, அதன் மறு நுனியைக் கடைசியாக, பற்றரியிலிருந்து தள்ளி, உங்கள் காரின் எஞ்சின் இரும்பில் பூட்டவும். உங்கள் காரில் அந்த இரும்பே பிளஸ். "கறுப்பு வயரை பொடியில குடுங்க அண்ணே" என்று வேன்காரர் சொன்னால் பொறுமையாக விளக்கவும், அவருடைய வாகனத்துக்கு அவர் சொல்வது சரிதான். கழற்றும்போது இதே வரிசையைத் திருப்பவும்.

பற்றரியில் விளக்கு எரியும் அளவுக்காவது உயிர் இருந்தால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். அடியோடு வடிந்திருந்தால் தள்ளியும் பயன் இல்லை, கொயிலுக்கு மின்சாரம் வேண்டும். எழுந்த பின் விளக்குகளை இயன்றவரை அணைத்து ஓட்டவும். கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரை முழு ஏற்றமும் ஏறினாலும், அடியோடு இறங்கிய பற்றரியை அந்த டைனமோ நிரப்பியிருக்காது. வீட்டுக்கு வந்ததும், மறுநாள் காலை சரிவு இருக்கிறதே என்று விட்டுவிடாமல், அன்றிரவே சார்ஜரில் போட்டு, காலையில் அறிகுறி 4இலிருந்து சோதனையைத் தொடங்கவும்.